வன்னியை நடந்து பார்க்க: குளக்கட்டு முதல் கோட்டை மதில் வரை

ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகிறவர்களில் பலர், குடாநாட்டுக்குத் தெற்கே விரிந்த வன்னியில் கால் வைப்பது முறிகண்டியில் மட்டும்தான். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், கையில் ஒரு சரை கச்சான், திரும்பப் பஸ் ஏறினால் அடுத்தது ஆனையிறவு. இடையில் தெரிவது பற்றைக்காடும் பனையும். ஆனால் வன்னியின் பழமை முழுவதும் தண்ணீர்க்கரையில்தான் கிடக்கிறது: குளக்கட்டு, ஆற்றணை, களப்புக்கரைக் கோவில், பழைய துறைமுகம், கடலோரக் கோட்டை. ஆகவே எந்த மாதம் வருவது, எந்தப் பக்கம் நடப்பது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்ற எல்லாவற்றையும் தண்ணீரை வைத்தே முடிவு செய்யுங்கள்.

மாதம்

வடகீழ்ப் பருவமழை ஒக்ரோபரில் தொடங்கி ஜனவரி வரை நிற்கும். நவம்பரும் டிசம்பரும் கடுமை. அந்த இரண்டு மாதங்களில் குளங்கள் நிரம்பி வான் பாயும், கிறவல் ரோட்டுகள் அறுபடும், ஆற்றுக்கு அப்பால் உள்ள கிராமத்துக்குப் போன பஸ் திரும்பாமல் நிற்கும். நடைக்கு வருபவர் இந்தக் காலத்தைத் தவிர்க்க வேண்டும்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடு வரைதான் மிகச் சிறந்த காலம். குளம் நிறைந்திருக்கும், காலபோக நெல் விளைந்து அறுவடைக்கு நிற்கும், வலசைப் பறவைகள் இன்னும் போயிருக்காது, காலை ஒன்பது மணி வரை வெயில் பொறுக்கும். ஏப்ரலில் வெக்கை ஏறிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குச் சோளகக் காற்று. மன்னாரிலும் பூநகரியிலும் அது மணலை வாரி முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் குளம் வற்றித் தரை வெடித்துக் கிடக்கும். ஜூன், ஜூலையில் பாலைப்பழம் கிடைக்கும் என்பது ஒரு இலாபம். ஆனால் அதே பழத்துக்குக் கரடியும் வரும், ஆகவே அந்தக் காலத்தில் பாலைக்காட்டு ஓரங்களில் தனியே நடக்கக் கூடாது.

திருவிழா நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். மடு மாதாவுக்கு ஜூலை 2உம் ஓகஸ்ட் 15உம், வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கல், திருக்கேதீச்சரத்துக்கு மகா சிவராத்திரி. வழிபட வருகிறவர் அந்த நாளில் வாருங்கள், அதற்கு இணை கிடையாது. இடங்களை ஆறுதலாகப் பார்க்க விரும்புகிறவர் ஒரு கிழமை முன்னரோ பின்னரோ வாருங்கள். அந்த நாட்களில் தங்குமிடமும் கிடைக்காது, பஸ்ஸில் நிற்கவும் இடமிராது.

எங்கே தங்குவது

யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து வைத்துக்கொண்டு வன்னியைப் பகல் பயணமாகப் பார்க்க முயல்வதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. வந்து சேரும்போது பத்து மணி. குளக்கட்டில் நிழல் இல்லை. அரை மணியில் தலைவலியோடு வாகனத்துக்குள் ஏறிவிடுவார்கள். காலை ஆறு மணிக்குக் குளக்கட்டில் நிற்க வேண்டுமானால் அரை மணித் தூரத்துக்குள் படுத்து எழும்ப வேண்டும்.

நான்கு நாள் இருந்தால் இரண்டு தளங்கள் போதும்: குளங்களுக்கும் முல்லைத்தீவுப் பக்கத்துக்கும் கிளிநொச்சியில் இரண்டு இரவு, கோட்டைகளுக்கும் கடற்கரைக்கும் மன்னாரில் இரண்டு இரவு. யாழ்ப்பாண றெயில் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியாகப் போகிறது. தலைமன்னார் றெயில் மதவாச்சியில் பிரிந்து மடு றோட், முருங்கன், மன்னார் வழியாகப் போகிறது. நிலையத்திலிருந்து நடை தொடங்கும் இடத்துக்கு ஓட்டோ பேசும்போது போகும் கூலியை மட்டும் பேசாமல், திரும்ப வந்து ஏற்றும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். உள்வீதிகளில் கைகாட்டி மறிக்க வாகனம் வராது.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு ஆளுக்கு அரை நாளைக்கு மூன்று லீற்றர் தண்ணீர். மணிக்கு அரை முதல் முக்கால் லீற்றர் என்ற கணக்கில் தாகம் எடுக்கும் முன்னரே குடித்து வர வேண்டும். வழியில் கிணற்றுநீரை நம்ப வேண்டாம்: வன்னியின் பல இடங்களில் கிணற்றுநீரில் கல்சியமும் புளோரைட்டும் கூடுதலாக இருக்கின்றன, ஊர்ச்சனமே குடிப்பதற்கு வடிகட்டிய தண்ணீரைக் கானில் வாங்குகிறார்கள். ஒரு லீற்றருக்கு ஒரு பக்கெற் வீதம் ஜீவனி (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கரைத்து ஒரு போத்தல் தனியாக வைத்திருங்கள். வியர்த்துக் கொட்டி, தோல் குளிர்ந்து, தலை சுற்றினால் அதுவே வெயில் தாக்கத் தொடங்கியதன் அடையாளம். நிழலில் இருத்தி, கழுத்தையும் அக்குளையும் நனைத்து, மெல்ல மெல்லக் குடிக்கக் கொடுங்கள். உடம்பு கொதித்தாலோ குழப்பமாகப் பேசினாலோ காத்திராமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

செருப்போடு குளக்கட்டில் நடக்காதீர்கள். நெருஞ்சி முள்ளும் கருவேல முள்ளும் றப்பர் அடியைத் துளைக்கும். கணுக்கால் மூடும் சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் வேண்டும். கோவிலுக்கும் போகும் நாளில் ஒரு வேட்டியும் துவாயும் பையில் இருக்கட்டும். திருக்கேதீச்சரம் போன்ற கோவில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். பதினொரு மணிக்குமேல் வெளிவீதி மணல் வெறுங்காலைச் சுடும். மடு தேவாலயத்துக்கு முழங்காலும் தோளும் மூடிய உடை.

குளக்கட்டில் நடக்கும் முறை

இரணைமடுவில் தொடங்குங்கள். கனகராயன் ஆற்றை மறித்து 1920களில் கட்டி முடிக்கப்பட்ட இந்தக் குளம் வட மாகாணத்திலேயே பெரியது. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் தெற்கே வந்து இரணைமடுச் சந்தியில் உள்ளே திரும்பினால் கட்டு. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய வரை நீர், மறுபக்கம் அந்த நீரால் விளையும் வயல். கிளிநொச்சி என்ற ஊர் ஏன் இங்கே உருவானது என்பது கட்டில் பத்து நிமிடம் நின்றால் விளங்கிவிடும்.

கட்டில் ஏறும் முன் மூன்று உறுப்புகளை அடையாளம் காணுங்கள். முதலாவது துருசு: வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாயில். அதன் நீருட்பக்கத்தில் இழுவை இருக்கும், மேலே நீர் அசையாததுபோலத் தெரியும். அங்கே குளிப்பதும் காலை விடுவதும் உயிராபத்து. இரண்டாவது வான்: மேலதிக நீர் வழியும் இடம். வான் பாயும்போது அதைக் கடக்கவே கூடாது, முழங்காலளவு நீர்கூட ஆளைப் புரட்டும். பாய்ந்து ஓய்ந்த பின்னரும் ஒரு கிழமைக்குப் பாசி வழுக்கும். இரணைமடுவில் வான் கதவுகள் உள்ளன. ஆற்றின் மேற்பகுதியில் மழை பெய்தால் இங்கே வானம் வெளித்திருக்கும்போதே கதவு திறக்கப்படலாம், ஆகவே கதவுக்குக் கீழுள்ள வாய்க்காலில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். மூன்றாவது அலைகரைப் பக்கம் அடுக்கிய கல். காலையில் அந்தக் கல்லில் பாம்பு வெயில் காயும், இடுக்கில் கை வைக்கக் கூடாது. கட்டின் மேல் மாட்டுக்காரர் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை இருக்கும். அதைவிட்டு விலகாதிருந்தால் போதும்.

நேரக் கணக்கு எளிது. ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டு எட்டரைக்கு முடிக்க வேண்டும். கட்டு எவ்வளவு நீளம் என்று அளப்பதைவிட மணிக்கூட்டைப் பாருங்கள்: ஒரு மணி நேரம் ஒரு திசையில் நடந்தால், எங்கே நின்றாலும் திரும்புங்கள். ஆறுதலான நடையில் அது மூன்று மூன்றரைக் கிலோமீற்றர். போகும்போது கிழக்கே நடந்து சூரியனை முகத்தில் வாங்குங்கள். திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும், அப்போது அது முதுகில் விழட்டும். மாலை நடை நாலேகாலுக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிய வேண்டும். பொழுதுபட்ட பிறகு வெளிநாட்டில் இருப்பதுபோல அந்திவெளிச்சம் நெடுநேரம் நிற்கும் என்று எண்ணி வருகிற புலம்பெயர்ந்தோர் அடிக்கடி இருளில் மாட்டுப்படுகிறார்கள். இங்கே அரை மணிக்குள் கண் தெரியாது.

முதலை இல்லாத பெரிய குளம் வன்னியில் இல்லையென்றே வைத்து நடவுங்கள். நீர்விளிம்பிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி நில்லுங்கள். ஊர்ச்சனம் குளிக்கும் துறை தவிர வேறெங்கும் இறங்க வேண்டாம், அங்கேயும் அவர்கள் இறங்கும் நேரத்தில் மட்டும்.

இரண்டாவது நாளுக்கு வவுனிக்குளம் நல்லது. மாங்குளத்திலிருந்து மல்லாவிப் பக்கம் போக வேண்டும். பாலியாற்றை மறித்த பழைய குளம், 1950களில் திருத்தப்பட்டது. இரணைமடுவைவிட ஆளரவம் குறைவு, பறவை கூடுதல்.

யானையும் மிதிவெடியும்

இந்த இரண்டையும் பற்றி யாரும் பயமுறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

யானை விடியற்காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் குளத்துக்கு வரும். ஈரமான, இன்னும் ஆவி பறக்கும் இலத்தி கண்டால் அன்றைய நடை அத்தோடு முடிந்தது, வந்த வழியே திரும்புங்கள். யானை வேலி மின்சாரம் பாயும் வேலி; அதைத் தாண்டி உட்பக்கம் போகக் கூடாது. புறப்படும் முன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் "இரவு யானை வந்ததோ?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலை எந்த வரைபடமும் தராது.

மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் பல ஆண்டுகளாக நடக்கிறது, இன்னும் முற்றாக முடியவில்லை. சிவப்புப் பலகையில் மண்டையோடு இருந்தால் அதற்கு அப்பால் ஒரு அடியும் இல்லை. பலகை இல்லாத இடத்திலும் விதி ஒன்றே: வாகனத் தடமோ, மாட்டுத் தடமோ, மனிதத் தடமோ இல்லாத நிலத்தில் கால் வைக்காதீர்கள். படம் எடுக்கவோ சிறுநீர் கழிக்கவோ பற்றைக்குள் நுழைவதால்தான் ஆபத்து. கைவிடப்பட்ட பதுங்குகுழி, மண்ணணை, இடிந்த வீட்டுக் கோடி ஆகியவற்றை நெருங்க வேண்டாம். துருப்பிடித்த உலோகப் பொருள் எதையும் தொடாமல், அதே காலடியில் பின்வாங்கி, இடத்தை மனதில் குறித்து பொலிஸின் 119க்குச் சொல்லுங்கள். மழைக்குப் பிறகு மண் அரிபட்டு, முன்பு இல்லாத பொருள் மேலே வரும். போன வருடம் நடந்த பாதைதானே என்ற துணிவு இதனால்தான் பிழைக்கும்.

ஒட்டுசுட்டானிலிருந்து நந்திக்கடல் வரை

மாங்குளத்தில் ஏ34 வீதி முல்லைத்தீவுக்குப் பிரிகிறது. ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோவிலில் காலைப் பூசை பார்த்துவிட்டு அருகிலுள்ள கற்சிலைமடுவுக்குப் போங்கள். வன்னியின் கடைசி அரசன் பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து பிடித்தான். அதே ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் திகதி பிரித்தானியக் கப்டன் வொன் ட்றிபேர்க்கின் படை அவனை இங்கே தோற்கடித்ததாக வெள்ளையர் நட்ட கல் சொல்கிறது. வென்றவன் நட்ட கல்லாக இருந்தும் தோற்றவனின் பெயரையே அது காத்து வைத்திருக்கிறது, அதற்காகவே போய்ப் பார்க்க வேண்டும். நேரமிருந்தால் ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுக் குளத்துக்குத் திரும்பலாம்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் நந்திக்கடல் என்ற களப்பின் கரையில் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கத்தால் பேர்பெற்ற தலம். கோவிலைச் சுற்றிய களப்புக்கரை மாலை நடைக்கு ஏற்றது. வலை காயும் இடத்தில் வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். களப்பின் சேறு மேலே காய்ந்தும் உள்ளே இளகியும் இருக்கும், வெள்ளையாக உப்புப் பூத்த தரையில் கால் வைத்தால் முழங்கால் வரை புதையும்.

இதே களப்பின் மறுகரையில் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், எண்ணற்ற குடும்பங்கள் தங்கள் உறவுகளை இழந்த நிலம் அது. பார்வையிடும் இடமாக அதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். போவதானால் அஞ்சலிக்காகப் போங்கள், மே 18இல் அழுகிறவர்களின் முகத்தைப் படமெடுக்காதீர்கள், யாரிடமும் "அப்போது என்ன நடந்தது" என்று கிண்டிக் கேட்காதீர்கள். சொல்ல விரும்புகிறவர் தானாகச் சொல்வார். அப்போது இருந்து கேளுங்கள்.

மன்னார்ப் பக்கம்

வவுனியாவிலிருந்து மன்னார் போகும் வழியில் மடு. பிரதான வீதியிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் காட்டுக்குள் போக வேண்டும். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் தப்பி வந்ததாகத் திருத்தல வரலாறு சொல்கிறது. வளவுக்குள் மரநிழலில் நடக்கலாம். வெளியே காட்டுப் பாதையில் வேண்டாம், யானைக்காடு.

அடுத்தது கட்டுக்கரைக் குளம், முருங்கனுக்குப் பக்கத்தில். தாதுசேனன் காலத்தில், 5ஆம் நூற்றாண்டில், கட்டப்பட்டதாகக் கொள்வது மரபு. அருவியாற்றைத் தேக்கம் என்ற கல்லணையில் மறித்து, வாய்க்காலால் இங்கே நீர் கொண்டுவரப்படுகிறது. அகலமான, ஆழமில்லாத குளம் என்பதால் பெப்ரவரியில் கடல்போலவும் ஓகஸ்டில் மேய்ச்சல் தரையாகவும் தெரியும். வற்றிய காலத்தில் குளத்தின் உள்ளே குறுக்கறுத்து நடக்கத் தோன்றும். செய்யாதீர்கள், நடுவில் சேறு காயாது. தேக்கத்துக்குப் போகும் வழியை முருங்கனில் கேளுங்கள். நீர் குறைந்த காலத்தில் அணையின் கல்வேலையை நன்றாகப் பார்க்கலாம்.

திருக்கேதீச்சரத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கேயர் இடித்த பிறகு நெடுங்காலம் காடாகக் கிடந்து மீண்டெழுந்தது. பாலாவித் தீர்த்தத்தில் இறங்கிக் குடத்தில் நீர் மொண்டு, நடந்து வந்து, சிவலிங்கத்துக்குத் தாமே ஊற்றுவது இங்கு வருவோரின் வழக்கம். பிறகு கோவிலைச் சுற்றிய மேட்டு நிலத்தை மெல்ல நடந்து பாருங்கள். இதுதான் மாதோட்டம், ஒரு காலத்தில் மேற்கேயும் கிழக்கேயும் இருந்து கப்பல் வந்த துறை. 1980களில் இங்கே அகழாய்வு நடந்தது. மழைக்குப் பின் தரையில் ஓட்டுத்துண்டுகள் தெரியும். எடுத்துப் பையில் போட வேண்டாம்: தொல்பொருட் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், கிடந்த இடத்தைவிட்டு அசைந்த ஓடு ஆய்வாளருக்கு எதையும் சொல்லாது என்பது அதைவிடப் பெரிய இழப்பு.

மன்னார்த் தீவுக்குள் ஒரு காலை நடை போதும். தீவை இணைக்கும் தாம்போதியைக் கடந்ததும் கோட்டை: 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்கு வந்தது, 1795இல் பிரித்தானியரிடம் போனது. நான்கு கொத்தளங்களும் அகழியும் உண்டு. மதிலில் ஏறும்போது விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே நடவுங்கள், மேற்கல் தளர்ந்திருக்கிறது. அங்கிருந்து நகருக்குள்ளால் பள்ளிமுனைக்கு நடந்தால் பெருக்க மரம் (பாவோபாப்). அடிமரத்தின் சுற்றளவு சுமார் 19.5 மீற்றர், பிள்ளைகளைக் கைகோத்து நிற்கவைத்து அளந்து பாருங்கள். பட்டையில் பெயர் கீறுவோரைக் கண்டால் தடுங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை வங்காலைச் சரணாலயத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்கும். காலை ஏழு மணிக்கு முன், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று பாருங்கள். நெருங்கிப் போனால் கூட்டமே எழும்பும். தூரப் பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பை அந்தப் பறவை வீணாக்கும். ஒரு தொலைநோக்கி இருந்தால் நெருங்கத் தேவையே வராது.

தெற்கே அரிப்பு என்ற ஊர். கடற்கரையில் ஊரார் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் இடிபாடு உண்மையில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய மாளிகை. அல்லி என்ற அரசியின் கதை அதைவிடப் பழையது, இரண்டையும் தெரிந்துகொண்டு பாருங்கள். கடல் கரையை அரித்து அரித்துச் சுவர்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. சுவருக்குக் கீழேயும் மண்விளிம்பிலும் நிற்காதீர்கள். பக்கத்தில் உள்ள அரிப்புக் கோட்டைக்குத்தான் கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்தார்.

தலைமன்னாரில் பழைய இறங்குதுறையும் வெளிச்சவீடும். 1914 முதல் இந்தியாவுக்குக் கப்பல் இங்கிருந்து ஓடியது. 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேஸ்வரத்துக்கு மாறி, 1980களில் நின்றது. துறையின் பலகையும் தூணும் உக்கிவிட்டன, மேலே ஏறாதீர்கள். இராமர் அணை மணல்திட்டுகளுக்குக் கரையிலிருந்து நடந்து போகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்: நீரோட்டம் வலிது, மணல் இடம் மாறும், கடற்படைக் கண்காணிப்பும் உண்டு.

பூநகரி

மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் திரும்புவோர் ஏ32 வீதியால் வாருங்கள். பூநகரிக் கோட்டை சிறியது, இருபது நிமிடத்தில் பார்த்துவிடலாம். நடைக்குரிய இடம் கௌதாரிமுனை: மணற்குன்றும் கடலும், மண்ணித்தலையில் சோழர் காலத்தது என ஆய்வாளர் கருதும் சிதைந்த சிவன் கோவிலும். கோவிலின் சுவரில் சாயவோ ஏறவோ வேண்டாம். பாதை மணல், காரின் சில்லு புதையும், ஆகவே மோட்டார் சைக்கிளிலோ உள்ளூர் ஓட்டோவிலோ போய் மிகுதியை நடவுங்கள். மணலில் நடை வேகம் பாதியாகும், தண்ணீர்ச் செலவு கூடும், அதனால் ஒரு கிலோமீற்றருக்கு அரை மணி என்று கணக்கிடுங்கள். காலடி காற்றில் அழிந்துவிடும் என்பதால் திரும்பும் திசைக்கு ஒரு பனையையோ கோபுரத்தையோ முன்னரே குறித்து வையுங்கள். ஐந்து மணிக்குள் பிரதான வீதிக்கு வந்தால், 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைப் பொழுதுபடும் முன் கடந்து யாழ்ப்பாணம் போய்விடலாம்.